‘நினைவகம் போதாது’ என்னும் வாக்கியத்தின் பொருள்

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் கணினியைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தமை இம்மலரை விரிப்போர் சிலர்க்கு வியப்பாய்த் தோன்றலாம். இத்துறையில் எனக்குப் பட்டமுமில்லை, முறையான பயிற்சியுமில்லை. ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்றப்பட்ட தமிழாசிரியத் தராதரப் பத்திரம் ஒன்றே என்னிடமுள்ளது. எனினும் இம்மலர்க்கென என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பணியொன்றின்போது, பழைய நிரல் ஒன்றை இயக்க முயன்று மூன்று மாதம் இடர்ப்பட்டு, ஈற்றில் அவ்விடரின் காரணத்தை ஒருவாறு அறிந்துகொண்டேன். பழைய மாணவர் பலருடைய வீடுகளிலும் இத்தகைய பழைய வட்டுகள் கவனிப்பாரின்றிக் கிடத்தல் கூடும். கணினி பயிலும் இக்கால மாணவர்க்கோ இவ்விடயம் பெரும்பாலும் புதிது. ஆதலின் அறிந்த அளவில் ஈண்டு எழுதுகின்றேன்.

பணியின் வரலாற்றை முதலிற் கூறுதல் வேண்டும். எமக்குத் தமிழ் கற்பித்து 1996இல் இளைப்பாறிய ஆசிரியப் பெருந்தகை ஒருவர், கடற்றொழிலாளர், கமக்காரர், தச்சர் முதலியோரிடையே வழங்கும் சொற்களை ஏறத்தாழ முப்பது ஆண்டு கேட்டுக் கேட்டு அட்டைகளிற் குறித்து வைத்திருந்தார். தம் பெயரை எங்கும் அச்சிட வேண்டாமென்று வாழ்நாளெல்லாம் கூறியவராதலின் ஈண்டும் அதனை எழுதாது விடுகின்றேன். இளைப்பாறியபின் வெள்ளவத்தையில் மகன் வீட்டிற் சென்று வாழ்ந்த காலத்தில், அப்போதே பழையதாகிவிட்ட கணினி ஒன்றில், பழைய மாணவர் ஒருவர் எழுதிக்கொடுத்த நிரலைக்கொண்டு அச்சொற்களையெல்லாம் தாமே ஒரு விரலாற் தட்டிப் பதிந்தார். அட்டைகள் பின்னர்க் கறையானுக்கு இரையாயின. எஞ்சியவை நான்கு நெகிழ்வட்டுகள். அவற்றை அவர் குடும்பத்தார் கல்லூரி நூலகத்துக்கு அளித்தனர். மலர்க்குழுவினர் அச்சொற்றொகுதியின் ஒரு பகுதியை இம்மலரில் வெளியிடக் கருதி, அவரிடம் பயின்றவன் என்னும் உரிமை பற்றி அதனை என்னிடம் ஒப்படைத்தனர்.

முதல் வட்டின் உறையில் அவருடைய கையெழுத்தில், சிவப்பு மையால், ‘540 இருத்தல் வேண்டும்’ என்று ஒரு குறிப்பு இருந்தது. அவ்வட்டில் 540 சொற்கள் உள்ளன போலும் என எண்ணி மேலே சென்றோம்.

வட்டைத் தொடுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பழைய நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு ஒவ்வொரு முறை சுழலும்போதும் தேயக்கூடியது. பூஞ்சணம் பிடித்திருப்பின் வாசிக்கும் முனை அதனை உராய்ந்து எடுத்துவிடும். ஆகவே முதன்முறை வாசிக்கும்போதே வட்டு முழுவதையும் படியெடுத்துவிட்டுப் பின்னர்ப் படியை வைத்தே எம்முயற்சியையும் செய்தல் வேண்டும். இவ்வறிவுரையைக் கூறியவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். “சேர், முதல்ல கொப்பி எடுப்பம்; பிறகு எதையும் செய்யலாம்” என்றான். அவன் சொற்கேட்டமையாற் பிழைத்தோம். நான்காம் வட்டு படியெடுத்த மறுவாரமே வாசிக்க மறுத்துவிட்டது.

இனி நிரலை இயக்க முயன்றதைக் கூறுவேன். முதலில் என் மடிக்கணினியில் இட்டேன். இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்று அது ஒரேயடியாக மறுத்துவிட்டது. அம்மறுப்பு நேர்மையானது. இக்காலத்து விண்டோஸ் 64 பிற்று முறையில் இயங்குவது. அம்முறையினவான பதிப்புகள் 16 பிற்று முறையில் எழுதப்பட்ட டொஸ் காலத்து நிரல்களை ஏற்பதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 அம்முறையில் மட்டுமே கிடைப்பது. ஆகவே கல்லூரிப் பண்டசாலையிற் கிடந்த பென்ரியம் 3 கணினி ஒன்றைத் தூசு தட்டி எடுத்தோம். அதில் விண்டோஸ் 98 இருந்தது; நினைவகம் 256 மெகா பைற்று. நிரலை அழைத்தோம். கருந்திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. அதன் தமிழ், ‘நினைவகம் போதாது’ என்பதாம்.

போதாதாயின் கூட்டுவதே வழி என்று யாவரும் கருதினோம். கணினி திருத்தும் கடையொன்றிலும் அவ்வாறே கூறினர். பழைய நினைவகத் தகடுகள் இரண்டைத் தேடிப் பெற்று, ஒவ்வொன்றும் 256 மெகா பைற்றாக, மொத்தம் 768 ஆக்கினோம். விளைவு யாதெனின், முன்னராவது கருந்திரை திறந்து நிரல் முறையிட்டது. இப்போது அக்கருந்திரையே திறக்க மறுத்து, ‘இந்நிரலை இயக்குதற்கு நினைவகம் போதாது, வேறு நிரல்களை மூடுக’ என்றது. மூடுதற்கோ வேறு நிரல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. நினைவகத்தை மும்மடங்காக்கியபின் குறைபாடு மிகுந்தது.

இவ்விடத்திற்றான் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. வகுப்பில் ஒரு வாக்கியம் விளங்காதவிடத்து, ‘எழுவாய் எது, அதற்கு அடை யாது, தொக்கு நிற்பது எது’ என்று மாணவரை வினவுவது வழக்கம். ‘நினைவகம் போதாது’ என்பதில் எழுவாய் வெளிப்படையாக இருக்கின்றது. ஆயின் அதற்கு அடை இல்லை. எந்த நினைவகம்? யாருக்குப் போதாது? எவ்வளவுக்குப் போதாது? இம்மூன்றும் தொக்கு நிற்கின்றன. கணினியில் நினைவகம் என்பது ஒரே பாத்திரத்து நீரன்று. பெயரால் ஒன்றாயினும் வகையாற் பலவாகும். ஒரு வகை நிரம்பி வழியும்போதே மற்றொரு வகை வற்றிக் கிடத்தல் கூடும். நிரலோ தான் அறிந்த வகை ஒன்றையே நினைவகம் என்று கூறும். இதனை உணராது தகடு வாங்குவோர் எம்மைப்போற் பணத்தை இழப்பர்.

டொஸ் காலத்து நிரல் அறிந்த நினைவகம் எது என்பதை விளக்குதற்கு 1981ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் மூளையாக அமைந்தது இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் செயலி. நினைவகத்தின் ஒவ்வொரு பைற்றுக்கும், வீட்டுக்குக் கதவிலக்கம் போல, ஓர் இலக்கம் உண்டு. கதவிலக்கத்துக்கு ஆறு தானமே உண்டெனின் பத்து இலட்சம் வீடுகளுக்கு மேல் இலக்கமிட இயலாது. ஏழாம் தானத்தை எழுதத் தகட்டில் இடமில்லை. அதுபோல 8088 செயலிக்கு இருபது இருமத் தானங்களே இருந்தன. இரண்டை இருபது முறை பெருக்கினால் வருவது 10,48,576. ஆகவே ஒரு மெகா பைற்றுக்கு அப்பால் நினைவகம் இருந்தாலும் அச்செயலி அதனைச் சுட்டி அழைக்க மாட்டாது.

இந்த ஒரு மெகா பைற்றை, 64 கிலோ பைற்றாகப் பதினாறு பங்காகக் கருதலாம். கீழுள்ள பத்துப் பங்கு, அஃதாவது 640 கிலோ பைற்று, நிரல்களுக்கு விடப்பட்டது. மேலுள்ள ஆறு பங்கு, 384 கிலோ பைற்று, திரையில் எழுத்தும் படமும் தோற்றுவித்தற்கும், இணைப்பட்டைகளுக்கும், கணினி விழித்தெழும்போது முதலில் வாசிக்கும் நிலைத்த அறிவுறுத்தல்களுக்கும் ஒதுக்கப்பட்டது. முதற் கணினி 16 கிலோ பைற்று நினைவகத்துடனும் விற்கப்பட்ட காலம் அது. அதன் நாற்பது மடங்கை ஒதுக்கிக் கொடுத்தவர்களைக் கருமிகள் என்று இன்று நாம் பழித்தல் தகாது. ஆயினும் அந்த வேலி அன்று இட்டபடியே நின்றுவிட்டது. பின்வந்த செயலிகள் மிகப் பரந்த நினைவகத்தைச் சுட்டவல்லன. 80286 செயலி 16 மெகா பைற்றைச் சுட்டும். 80386 செயலி 4 கிகா பைற்றைச் சுட்டும். ஆயினும் பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்பதற்காக டொஸ் முறைமை பழைய செயலியின் இயல்பையே மேற்கொண்டு 640 கிலோ பைற்று வளவுக்குள்ளேயே குடியிருந்தது. பின்புறத்திற் பெருங்காணி கிடப்பினும் படலையைத் திறக்க அறியாதவன் நிலை அது.

வேலியைக் கடக்கப் பல உபாயங்கள் கண்டனர். 1985இல் லோட்டஸ், இன்ரெல், மைக்கிரோசொவ்ற் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன. மேற்பகுதியில் 64 கிலோ பைற்று அளவினதான ஓர் இடைவெளியை மேசை போல வைத்துக்கொண்டு, வெளியேயுள்ள பெரிய நினைவகத்திலிருந்து பதினாறு கிலோ பைற்றுப் பக்கங்களை நான்கு நான்காக மேசைமேல் எடுத்து வைத்தும் அகற்றியும் வேலை செய்வது அது. நூலகத்துச் சிறு மேசையில் நான்கு நூல்களுக்கு மேல் வைக்க இடமில்லையெனினும், மாற்றி மாற்றி எடுத்து நூலகம் முழுவதையும் வாசித்தல் கூடுமன்றோ? இதனை விரித்த நினைவகம் எனலாம். ஒரு மெகா பைற்றுக்கு மேலே நேராகத் தொடரும் நினைவகம் நீட்டிய நினைவகம். ஆக, ஒரே கணினியில் வழக்கமான நினைவகம், மேல் நினைவகம், விரித்த நினைவகம், நீட்டிய நினைவகம் என நால்வகை அமைந்தன. விரித்த நினைவகத்தை வேண்டும் நிரலுக்கு நீட்டிய நினைவகத்தை எவ்வளவு கொடுப்பினும் அது ‘போதாது’ என்றே கூறும். அரிசி கேட்டவனுக்கு எத்தனை மூட்டை நெல் கொடுத்தாலும் உலை ஏறாது.

நிற்க. எம் கணினியில் நேர்ந்தவை இரண்டு வேறு குறைகள் என்பதும், இரண்டும் ஒரே சொற்றொடரால் வெளிப்பட்டன என்பதும் இப்போது விளங்கும். தகடு கூட்டியபின் தோன்றியதை முதலில் எடுத்துக்கொள்வேன்.

வட்டிலிருந்து வாசித்தது மீண்டும் தேவைப்படலாம் என்று, விண்டோஸ் 98 அதனை நினைவகத்திற் சேமித்து வைக்கும். சேமிப்பின் உச்ச அளவை அது நினைவகத்தின் அளவுக்கு ஏற்பக் கணித்துக்கொள்கின்றது. நினைவகம் 512 மெகா பைற்றுக்கு மேற்படின், முறைமையின் உட்பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட கதவிலக்கங்களை இச்சேமிப்பே விழுங்கிவிடுதல் கூடும். அப்போது கருந்திரையைத் திறப்பதற்கு வேண்டிய இலக்கங்கள் எஞ்சா. இடம் ஏராளமாகக் கிடக்கின்றது. அவ்விடத்துக்குச் சூட்ட இலக்கமில்லை. முறைமை இதனையும் ‘நினைவகம் போதாது’ என்றே மொழிகின்றது. உண்மையில் அது சொல்லவேண்டியது, நினைவகம் மிகுந்துவிட்டது என்பதே.

பரிகாரம் எளிது. விண்டோஸ் உறையுள் ‘சிஸ்டம்’ என்ற பெயரும் ‘ஐ.என்.ஐ.’ என்ற விகுதியும் கொண்ட ஒரு கோப்பு உண்டு. முதலில் அதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்க. பின் அதனைத் திறந்து, ‘விகாஷ்’ என்ற தலைப்பின் கீழே, ‘மக்ஸ்பைல்காஷ்’ என்ற சொல்லும் சமன் குறியும் இட்டு, 5,24,288க்கு மேற்படாத ஓர் எண்ணை இடைக்குறியின்றி எழுதுக. அவ்வெண் கிலோ பைற்றைக் குறிப்பது. நாம் 262144 என்று எழுதிக் கணினியை மீளத் தொடக்கினோம். கருந்திரை திறந்தது. கூட்டிய தகடுகளைக் கழற்றிவிடுதல் இதனினும் எளிய வழி; செலவழித்த பணத்தை நினைந்து அதனைச் செய்ய எமக்கு மனம் வரவில்லை!

கருந்திரை திறந்தபின் ஆசிரியரின் நிரலை அழைத்தோம். மீண்டும் பழைய முறையீடே. இது முதலாவது குறை. முன்னும் இருந்தது, 512 மெகா பைற்றையும் பொருட்படுத்தாது பின்னும் இருந்தது.

இங்கு உதவுவது டொஸ் முறைமையிலுள்ள ‘மெம்’ என்னும் கட்டளை. கட்டளையின்பின் ஒரு சாய்கோடும் ஆங்கில ‘சி’ எழுத்தும் சேர்த்து இட்டால், 640 கிலோ பைற்றுக்குள் யார் யார் எவ்வளவு இடம் பிடித்துக் குடியிருக்கின்றனர் என்ற பட்டியல் தோன்றும். அதன் கீழ், இயக்கத்தக்க மிகப் பெரிய நிரலின் அளவு இவ்வளவு என்று ஒரு வரி வரும். நோயாளியின் நாடி போன்றது அவ்வரி. மொத்த நினைவகத்தின் அளவைப் பார்த்து மயங்காது அவ்வரியையே பார்த்தல் வேண்டும். எமக்கு அது 503 கிலோ பைற்று என்று காட்டியது.

அப்போதுதான் உறையின்மேலிருந்த சிவப்பு மை நினைவுக்கு வந்தது. 540 என்பது சொற்களின் தொகையன்று. ‘540 கிலோ பைற்று இருத்தல் வேண்டும்’ என்று, பின்னாளில் யாரேனும் இந்நிரலை இயக்க முயல்வராயின் அவர்க்கு உதவுமாறு அவர் எழுதிவைத்த குறிப்பு. நோயையும் மருந்தையும் ஒருங்கே எழுதி உறையில் ஒட்டியிருக்கின்றார். நாமோ அதனைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மாதம் கடைதோறும் அலைந்தோம்.

மிகுதியாகத் தேவைப்பட்டது 37 கிலோ பைற்று. அதனுடன் வேறொரு செலவும் இருந்தது. டொஸ் முறைமை தமிழெழுத்தை அறியாது; ஆதலின் எழுத்துருவங்களை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் சிறுநிரல் ஒன்றை முதலில் இயக்குதல் வேண்டும். அது தன் வேலையை முடித்தபின்னும் வெளியேறாது உள்ளேயே தங்கியிருந்து, ஒவ்வோர் எழுத்து தோன்றும்போதும் உதவுவது. அது தங்குதற்கு 36 கிலோ பைற்று. இரண்டையும் கூட்ட, 73 கிலோ பைற்றை எங்கிருந்தாவது மீட்டல் வேண்டியதாயிற்று.

பட்டியலைப் பார்த்தோம். இறுவட்டுச் செலுத்தி ஒன்று, ஒலியட்டைச் செலுத்தி ஒன்று, சுட்டிக்கு ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று என முன்னாளில் அக்கணினியைக் கையாண்டோர் ஏற்றிவைத்த உதவி நிரல்கள் பல, வேலையெதுவுமின்றிக் குடியிருந்தன. கணினி தொடங்கும்போது இவற்றை ஏற்றுவன ‘கொன்பிக்’, ‘ஓட்டோஎக்செக்’ என்னும் இரு தொடக்கக் கோப்புகளே. வேண்டாத வரியின் முன்னே ‘ரெம்’ என்று எழுதினால் முறைமை அவ்வரியைக் குறிப்பாகக் கொண்டு கடந்துசெல்லும். வரியை அழித்துவிடுதல் தவறு. பின்னர் வேண்டின் ‘ரெம்’ என்பதை நீக்கினாற் போதும். ஒருமுறைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றி, மீளத் தொடக்கி, ‘மெம்’ கட்டளையால் அளந்து, எண்ணைத் தாளிற் குறித்தல் வேண்டும். ஐந்து வரியை ஒருங்கே மாற்றுவோர்க்கு எது பயன் தந்தது, எது கெடுத்தது என்பது ஒருபோதும் தெரியாது.

அவசியமான உதவி நிரல்களை மேல் நினைவகத்தின் வெற்றிடங்களுக்கு ஏற்றி அனுப்பும் வழியும் உண்டு. முதலில் ‘ஹைமெம்’, அதன்பின் ‘ஈ.எம்.எம். 386’ என்ற ஒழுங்கில் இரு நிருவாக நிரல்களை ஏற்றுதல் வேண்டும். ஒழுங்கு பிறழ்ந்தால் இரண்டாவது இயங்காது. இவ்வசதி 1991இல் வெளிவந்த டொஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து முறைமையுடனேயே கிடைத்தது. டொஸ் தன்னுடைய பெரும்பகுதியையும் ஒரு மெகா பைற்று எல்லையின் நேர் மேலே உள்ள 64 கிலோ பைற்று அளவினதான ஒரு துண்டுக்கு இடம்பெயர்த்துக்கொள்ளும். வீட்டுக்காரனே மேல்மாடிக்குச் சென்று கீழ்வீட்டை வாடகைக்கு விடுவது போன்றது இது.

மாலை ஐந்து மணியளவில் எண் 592 ஆயிற்று. தமிழெழுத்துச் சிறுநிரலை ஏற்றியபின் 556. ஆசிரியரின் நிரலை அழைத்தோம். திரை ஒருகணம் இருண்டு, பின்னர் நீலமாயிற்று. முதல் அட்டையில் ‘களங்கண்டி’ என்ற சொல் தோன்றியது. கரையோரக் கடலிற் கம்பு நட்டு வலை கட்டி மீனை வளைத்து அடைக்கும் அமைப்பு என்ற பொருளும், எவ்வூரில் எத்தகையாரிடம் கேட்டது என்ற குறிப்பும் அதன் கீழ் இருந்தன. உடனிருந்த மாணவர் மூவரும் அச்சொல்லை அதற்குமுன் கேட்டதில்லை என்றனர். அவர்களுள் ஒருவன் கடற்கரை ஊரினன்.

எனினும் பழைய கணினியை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. மேற்கூறிய மாணவனின் ஆலோசனைப்படி டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவினோம். அது புதிய கணினியின் உள்ளே ஒரு பழைய கணினியைப் பாவனையாகத் தோற்றுவிப்பது. பாவனைக் கணினிக்கு இயல்பாக 16 மெகா பைற்று நினைவகமே கொடுக்கப்பட்டிருக்கும்; அதனை மிகுத்தல் பெரும்பாலும் வேண்டியதில்லை. வழக்கமான நினைவகத்தில் ஏறத்தாழ 630 கிலோ பைற்று வெறுமையாகக் கிடைக்கும். எம் நிரல் அதில் உடனே இயங்கியது. தொடக்கத்திலேயே இதனைச் செய்திருக்கலாமே என்று வாசகர் கேட்பின் மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை.

ஆயின் அங்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பதிவுகளை வெறும் உரைக்கோப்பாக வெளியே எடுத்துத் தரும் துணைநிரல் ஒன்று நான்காம் வட்டில் இருந்தது. அதனை இயக்கியபோது, ‘சுருக்கிய கோப்பு பழுதடைந்துள்ளது’ என்று அறிவித்தது. படியெடுத்தபின் கெட்டுப்போன வட்டு அந்த நான்காம் வட்டே என்பதை வாசகர் மறந்திரார். படியும் கெட்ட படிதான் போலும், இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என எண்ணி அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் தெரிந்தது, கோப்பு பழுதடையவில்லை என்பது. இடத்தைச் சிக்கனப்படுத்துதற்காக அக்காலத்து நிரல்கள் சில சுருக்கிக் கட்டப்பட்டவை. இயங்கத் தொடங்கும்போது தம்மைத் தாமே விரித்துக்கொள்பவை. அவ்வாறு விரிக்கும் பகுதியில் ஒரு வழு இருந்தது. நினைவகத்தின் முதல் 64 கிலோ பைற்றுக்குள் அந்நிரல் ஏற்றப்படின் அதன் கணக்குப் பிழைத்துவிடும். பழைய கணினிகளில் அப்பகுதியை டொஸ் முறைமையே அடைத்துக்கொண்டிருந்தமையால் வழு வெளிப்படவில்லை. டொஸ் இடம்பெயர்ந்து கீழிடம் வெறுமையானபோதே அது தலைகாட்டியது. இங்கும் நோய் இடப்பற்றாக்குறையன்று, இடமிகுதி. டொஸ் ஐந்தாம் பதிப்பு முதல் இதற்கென ‘லோட்பிக்ஸ்’ என்னும் கட்டளை உண்டு. டொஸ்பொக்ஸ் மென்பொருளிலும் உண்டு. நிரலின் பெயர்க்கு முன்னே அக்கட்டளையை இட்டால், கீழுள்ள 64 கிலோ பைற்று வீணே அடைக்கப்பட்டு, நிரல் அதற்கு மேலே ஏறும். இட்டோம், ஏறியது. சொற்கள் யாவும் உரைக்கோப்பாக வெளிவந்தன.

பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியது தனிக்கதை. பழைய எழுத்துமுறையில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு எனக் கண்ணாற் காணும் ஒழுங்கிற் பதியப்பட்டிருந்தது. ஒருங்குறியில் முதலிற் ககர மெய்யும் அதன்பின் ஒகரக் குறியும் வருதல் வேண்டும். கொம்பு முன்னிற்பினும் மெய்யே முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று வகுப்பிற் கூறிவந்ததை ஓர் இயந்திரத்துக்கும் கூறவேண்டியதாயிற்று.

எம் பணியில் நேராத, ஆயினும் வீட்டுக் கணினிகளில் அடிக்கடி நேர்வதான இன்னொன்றையும் மாணவர் பொருட்டுக் குறிக்கின்றேன். விண்டோஸ் காலத்துப் பழைய விளையாட்டு நிரல்களும் நிறுவும் நிரல்களும் சில, கணினியில் எவ்வளவு நினைவகம் அல்லது வட்டிடம் உண்டு என்று முதலில் அளந்து பார்ப்பன. அளவை அவை 32 இருமத் தானத்தில் எழுதி, முதல் தானத்தை நேர், மறை என்னும் குறிக்கெனக் கொள்வன. அம்முறையில் எழுதத்தக்க பேரெண் 214,74,83,647. ஏறத்தாழ இரண்டு கிகா பைற்று. மூன்று கிகா பைற்று வெற்றிடம் உண்டெனின், 322,12,25,472 என்ற அவ்வெண் குறித்தானத்துள் வழிந்து, மறை 107,37,41,824 என்று வாசிக்கப்படும். நிரலின் கண்ணுக்கு அவ்வீட்டில் வறுமை மட்டுமன்று, கடனும் உண்டு! ‘போதாது’ என்று அது கூறுவதில் வியப்பில்லை. இத்தகைய நிரலின்மீது வலப்பக்கச் சுட்டலால் அதன் பண்புகளைத் திறந்து, பழைய பதிப்பொன்றுக்கு ஏற்ப இயக்குமாறு பொருந்துநிலையைத் தெரிவுசெய்தாற் சிலவேளை தீரும். வட்டிடம் பற்றிய முறையீடாயின், வெற்றிடம் இரண்டு கிகா பைற்றுக்குட்பட்டதாக ஒரு சிறு பிரிவை அமைத்து அதில் நிறுவலாம்.

நினைவகத் தகடே உண்மையிற் பழுதடைதலும் உண்டு. வேறுபாட்டை அறிய ஒரு வழி கூறுவேன். எத்தனை முறை இயக்கினும் ஒரே இடத்தில், ஒரே சொல்லால் வரும் வழு பெரும்பாலும் நிரலின் அல்லது அமைப்பின் வழு. இன்று ஓரிடத்தும் நாளை வேறிடத்தும், ஒருமுறை நிரலிலும் மறுமுறை முறைமை தொடங்கும்போதும் வருமாயின் தகட்டை ஐயுறுக. மின்னைத் துண்டித்து, தகட்டைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் இறுக்கி, பின்னர் ஒவ்வொரு தகடாக வைத்துச் சோதித்தல் வேண்டும். எம்மூரின் உப்புக்காற்றில் தொடுமுனைகள் களிம்பேறுதல் வழமை. இரவு முழுவதும் நினைவகத்தை எழுதி எழுதி வாசித்துச் சோதிக்கும் ‘மெம்ரெஸ்ற்’ போன்ற இலவச நிரல்களும் உண்டு. தகடு வாங்கப் புறப்படுமுன் இச்சோதனையைச் செய்க.

ஆசிரியரின் சொற்றொகுதியிலிருந்து தெரிந்த ஒரு பகுதி இம்மலரிற் பின்னர் வருகின்றது. முழுத்தொகுதியின் படிகள் மூன்று எடுத்து, நூலகத்தில் ஒன்றும், அவர் குடும்பத்தாரிடம் ஒன்றும், என்னிடம் ஒன்றுமாக வைத்துள்ளோம். தொகுதியில் பதினொரு சொற்களுக்கு எதிரே பொருள் எழுதப்படாது, ‘மீளக் கேட்க’ என்று மட்டும் இருக்கின்றது. அவை யாவும் தச்சுத்தொழிற் சொற்கள். அவற்றை அப்பகுதியின் இறுதியில் அவர் எழுதியவாறே அச்சிட்டுள்ளோம். அறிந்த பழைய மாணவரோ அவர்தம் உறவினரோ கல்லூரி நூலகருக்கு எழுதுவராயின், அவ்வட்டைகளின் வெற்றிடத்தை நிரப்பிக்கொள்வோம்.